இயந்திரம் கண்ணைப் பார்க்கட்டும். அன்றைய கூலி யார் கணக்கில்?

பால்மரத்தில் உளி வைக்கிறவனுக்குக் கண்தான் முதல். கம்பெனிக்கு நிலமும் பங்குப் பணமும் முதல் என்றால், நமக்கு இருக்கிற முதல் இரண்டு கண்ணும் ஒரு மணிக்கட்டும்தான். பொழுது விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில், பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவியெடுக்க வேண்டும். உளி மேலாகப் போனால் பால் கசியாது. ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிற்காலத்தில் அந்த இடத்தில் உளியே ஓடாது. ஆகவேதான் வெட்டைப் பரிசோதிக்கத் தோட்டங்களில் ஆள் வைத்திருக்கிறார்கள். மரத்தின் காயங்களை எண்ணிக் குறித்து வைக்கிறார்கள். அந்த மரத்தைப் பார்த்து வெட்டுகிற கண்ணைப் பரிசோதித்துக் குறித்து வைத்திருப்பவர் யார்? இந்தக் கேள்வியை நிர்வாகத்தின் முன்னும், சர்க்காரின் முன்னும், நம் முன்னும் வைக்கவே இதை எழுதுகிறேன்.

கேட்பதற்கு இப்போது காரணம் உண்டு. இனிப்பு நீர் வியாதியால் கண் கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் இயந்திரங்கள் வந்துவிட்டன. கண்ணுக்குள் ஒரு படம் எடுத்தால் போதும்; சற்று நேரத்தில் விடை வருகிறது; பக்கத்தில் கண் டாக்டர் நிற்க வேண்டியதில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிகளின் அதிசயமாகப் பத்திரிகைகள் இதை எழுதுகின்றன. தோட்டத்து லயத்துக்கு இது எப்படி வந்து சேரும், வந்தால் அதன் செலவு யார் தலையில் விழும் என்று எழுதுவோரைக் காணோம்.

முதலில் வியாதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் எடுத்த கணக்கில், மலேசியாவில் வயது வந்தோரில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் 100க்கு 31 பேர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற மூன்று பெரிய இனங்களில் நம்மவரிடம்தான் அதிகம். 2023இல் மறுபடி எடுத்த கணக்கில் நாட்டின் மொத்தத் தொகை 100க்கு 16க்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கிறது. இறங்கியது நல்லதே, ஆனால் நம் லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பா இருப்பதைக் கண்ணால் பார்க்கிற யாருக்கும் இந்த இறக்கம் ஆறுதல் தராது.

இனிப்பு நீர் உள்ளவர்களில் எத்தனை பேருக்குக் கண் கெடுகிறது? உலகின் பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். வியாதிக்காரரில் 100க்கு ஏறத்தாழ 35 பேருக்கு விழித்திரையில் ஏதோ ஒரு பழுது இருந்தது. 10 பேருக்குப் பார்வைக்கே ஆபத்தான கட்டத்தில் இருந்தது.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவர். அதில் நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் படர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் கூடி நின்றால் அந்தக் குழாய்களின் சுவர் தளர்கிறது. முதலில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு நீர் கசியும். மஞ்சள் படிவுகள் உண்டாகும். கடைசிக் கட்டத்தில் வேண்டாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைத்து, ஒருநாள் அவை உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் பரவும். இதில் கொடுமை என்னவென்றால், வலியே கிடையாது. ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. நிரையில் நிற்கிறபோது கண்முன் சிலந்தி வலை தொங்குவதுபோல ஒரு நிழல் ஆடுகிறதே என்று ஒருவர் துடைத்துத் துடைத்துப் பார்க்கும்போது, வியாதி பல வருஷம் முன்னே போயிருக்கும்.

நம்மவர் இதை வெளியே சொல்வதில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். கண் மங்குகிறது என்று சொன்னால் நல்ல மரங்கள் உள்ள நிரையை எடுத்துக்கொண்டு வெளிக்காட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். “வயசாகிவிட்டது, அவ்வளவுதான்” என்று சொல்லி மறைத்துவிடுகிறார்கள். பெண் தொழிலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் மருந்து வாங்கக் கிளினிக்குக்கு நடக்கிற அக்கா, தன் கண்ணைப் பற்றி டிரெசரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். கிராணிமார்களும் இதற்கு விலக்கல்ல. உட்கார்ந்த வேலை, பொடி எழுத்துக் கணக்கு, மாலையில் பால் தேநீர். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று மூன்று கண்ணாடி மாற்றிய பிறகும் உள்ளே இருப்பது விழித்திரைக் கோளாறு என்று அறியாதவர்கள் உண்டு.

சரி, காலத்தில் கண்டுபிடித்தால் பயன் உண்டா? உண்டு. லேசர் ஒளியால் சுடும் சிகிச்சை, கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்குப் பாதி குறைக்கிறது என்று 1976லேயே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது. இப்போது கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன்பே வழி தெரிந்த ஒரு குருட்டுத்தனத்தால் இன்றைக்கும் ஒரு தோட்டத் தொழிலாளி கண்ணை இழந்தால், அவனை விதி கெடுத்தது என்று சொல்ல நான் தயாரில்லை.

இனி இயந்திரத்துக்கு வருவோம். அது எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பால்வெட்டுக் கற்றுக்கொண்ட எவரும் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். புதிதாக வந்த பையனுக்கு மண்டோர் சூத்திரம் சொல்லிக் கொடுப்பதில்லை. பழைய மரங்களில் வெட்டப் பழக்குகிறார். இது சரி, இது ஆழம், இது மேல் என்று நூறு முறை, ஆயிரம் முறை காட்டுகிறார். ஒரு கட்டத்தில் பையனின் கையே அறிந்துகொள்கிறது. எப்படி அறிந்தாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. இயந்திரமும் அப்படித்தான். டாக்டர்கள் பார்த்து, ‘இதில் பழுது உண்டு, இதில் இல்லை’ என்று குறித்த படங்களை லட்சக்கணக்கில் அதற்குக் காட்டுகிறார்கள். தன் விடை தப்பும்போதெல்லாம் அது உள்ளே தன்னைத் திருத்திக்கொள்கிறது. 2016இல் கூகிள் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 1,28,175 படங்களைக் காட்டிப் பழக்கிய இயந்திரத்தைப் பற்றி அமெரிக்க மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். அந்த வேலையில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கும் சென்னை சங்கர நேத்ராலயாவுக்கும் பங்கு இருந்தது. ஆகவே நம்மவர் கண்களும் அந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கின்றன.

நமக்கு இன்னும் நெருக்கமானது சிங்கப்பூரில் நடந்தது. அங்கே 2010 முதல், பொலிகிளினிக்குகளில் எடுத்த கண் படங்களை ஒரு மையத்துக்கு அனுப்பி, பயிற்சி பெற்ற சிப்பந்திகள் பார்த்து விடை எழுதும் ஏற்பாடு இருந்து வருகிறது. அந்தப் படங்களையும் பல நாட்டுப் படங்களையும் கொண்டு, தேசியக் கண் மையத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் இயந்திரத்தைப் பழக்கி, 2017இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பயன்பட்ட படங்கள் ஏறக்குறைய 5 லட்சம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தார் கண்களும் அதில் உண்டு. இது சின்ன விஷயமல்ல. இனத்துக்கு இனம் விழித்திரையின் நிறம் சற்று வேறுபடுகிறது. வெள்ளைக்காரர் கண்களை மட்டும் பார்த்துப் பழகிய இயந்திரத்தை இங்கே கொண்டுவந்து வைப்பது, இளமரத்தில் மட்டும் பழகியவனைக் கிழட்டு மரத்து நிரைக்கு அனுப்புவது போலாகும். எந்த இயந்திரத்தை வாங்கினாலும், அது யார் கண்களைப் பார்த்துப் பழகியது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அமெரிக்காவில் 2018 ஏப்ரலில், டாக்டர் கூட இல்லாமல் தானே விடை சொல்லும் ஓர் இயந்திரத்துக்குச் சர்க்கார் அனுமதி கொடுத்தது. அதைச் செய்த கம்பெனி, இயந்திரம் தப்பாகச் சொன்னால் பொறுப்பு எங்களுடையது என்று ஏற்று, அதற்கு இன்ஷூரன்சும் எடுத்தது. இதை நம் தோழர்கள் மனதில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, இயந்திரம் செய்த முதலாளிக்கே தோன்றியிருக்கிறது. அது நமக்குத் தோன்றாமல் போகலாமா?

இயந்திரம் என்றாலே சந்தேகப்படுவது நம் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் காரணமும் உண்டு. ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தபோது எத்தனை குடும்பங்கள் மூட்டை கட்டின என்பது மறக்கக்கூடியதல்ல. கிராணிமார்களில் சிலர், கம்ப்யூட்டர் வந்து செக்ரோலைத் தின்றது போதாதா என்று கேட்கலாம். ஆனால் இந்த இயந்திரத்தை எதிர்க்க நான் காரணம் காணவில்லை. நம் தோட்டத்தில் யாருடைய வேலையையும் அது பறிக்கவில்லை. ஏனெனில் நம் தோட்டத்தில் இந்த வேலையைச் செய்ய ஒருவருமே இருந்ததில்லை. விழித்திரை பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் பெரிய பட்டணங்களில் இருக்கிறார்கள். சர்க்கார் கிளினிக்குகளில் சிலவற்றில் காமிரா இருக்கிறது, பலவற்றில் இல்லை. இருக்கும் இடத்திலும் படத்தைப் பார்த்து விடை சொல்ல ஆள் பற்றாது. அந்த இடைவெளியை இயந்திரம் நிரப்புமானால் வரவேற்க வேண்டியதுதான். (சிங்கப்பூரில் படம் பார்க்கும் சிப்பந்திகளின் வேலை என்னாகும் என்பது வேறு விஷயம். அவர்களும் தொழிலாளர்களே. அதைப் பற்றிக் கடைசியில் அவர்களுக்கும் நமக்கும் சாதகமான ஒரு கணக்கு இருக்கிறது, சொல்கிறேன்.)

வந்த இடத்தில் அது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். நமக்கு வடக்கே, தாய்லாந்தில், பாத்தும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 கிளினிக்குகளில் கூகிள் இயந்திரத்தை வைத்துப் பார்த்தார்கள். அதன் விவரம் 2020இல் வெளிவந்தது. சோதனைச்சாலையில் கெட்டிக்காரனான இயந்திரம், கிளினிக்கில் முதல் ஆறு மாதத்தில் வந்த 1,838 படங்களில் 100க்கு 21 வீதம், ‘படம் தெளிவில்லை’ என்று தள்ளிவிட்டது. காரணம் இயந்திரத்துக்குள் இல்லை. படம் எடுக்க இருட்டறை வேண்டும். வெளிச்சத்தில் கண்மணி சுருங்கிவிடும். பெரும்பாலான கிளினிக்குகளில் அப்படி ஓர் அறையே இல்லை. இணையத் தொடர்பு மெதுவாக ஓடியதால் படம் போய்ச் சேர நேரமாயிற்று, வரிசை நின்றது. படம் தள்ளப்பட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக இவர்களால் ஆகாதே என்று இரக்கப்பட்டு, சில தாதிமார் இந்த ஏற்பாட்டில் சேர வேண்டாமென்றே நோயாளிகளுக்குச் சொன்னார்களாம். நோயாளிகளின் கவலை, விடை சரியா தப்பா என்பதைவிட, நம் பொழுது வீணாகுமா என்பதில்தான் இருந்தது.

அந்தத் தாதிமாரின் இடத்தில் நம் தோட்டத்து டிரெசரை நிறுத்திப் பாருங்கள். அவரிடம் ஒரு பால்வெட்டுக்காரர் என்ன சொல்வார்? “பட்டணத்துக்குப் போனால் அன்றைக்குச் செக்ரோலில் பேர் விழாதே ஐயா” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லாத எந்த இயந்திரமும் நம் லயத்துக் கண்களைக் காப்பாற்றாது.

கணக்குப் போட்டே பார்ப்போம். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. சிங்கப்பூர் இயந்திரம், டாக்டரிடம் அனுப்ப வேண்டிய கண்களில் 100க்கு 90ஐக் கண்டுபிடித்தது. அனுப்ப வேண்டாத கண்களில் 100க்கு 8ஐத் தப்பாக ‘அனுப்பு’ என்றது. இனிப்பு நீர் உள்ள 100 தொழிலாளர்கள் ஒரு வட்டாரத்தில் இருப்பதாகவும், அவர்களில் 10 பேருக்கு மெய்யாகவே கண் கெட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இயந்திரம் அந்தப் பத்தில் 9 பேரைப் பிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். மீதி 90 பேரில் ஏழெட்டுப் பேரை வீணாகப் பட்டணத்துக்கு அனுப்பும். ஆக, சீட்டு வாங்குகிற பதினாறு பதினேழு பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஒன்றுமில்லாமல் போய் வருவார்கள்.

இதனால் இயந்திரம் மோசம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஒன்பது பேரின் கண் பிழைக்க ஏழெட்டுப் பேர் ஒருமுறை வீணாக நடப்பது நியாயமான விலையே. ஆனால் அந்த விலையைக் கொடுப்பவர் யார்? இயந்திரத்தை விற்றவர் கொடுக்கவில்லை. அதை வைத்துப் பணம் மிச்சப்படுத்துகிற ஆஸ்பத்திரி கொடுக்கவில்லை. எட்டுத் தொழிலாளர்கள் தலைக்கு 65 வெள்ளி 38 காசு வீதம், மொத்தம் 523 வெள்ளியைத் தங்கள் கூலியிலிருந்து கொடுக்கிறார்கள். பஸ் காசு தனி. படம் எடுத்த முதல் நாளின் கூலியும் தனி. கண்ணில் மருந்து விட்டு மணியை விரித்துப் பார்த்தால் சில மணி நேரம் எல்லாம் மங்கலாக இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. கூடப் போகிற மகனுக்கும் ஒருநாள் கூலி போகும்.

சட்டம் இங்கே எங்கே நிற்கிறது? 1955ஆம் ஆண்டுத் தொழில் சட்டம் நோய் விடுமுறைக்குச் சம்பளம் தருகிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், ஐந்து வருஷம் வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள். தொழிற்சங்கங்கள் மதித்துக் காக்க வேண்டிய உரிமை அது. ஆனால் அது நோயாளிக்கு. டாக்டர் பார்த்து, ‘இவர் வேலைக்கு லாயக்கில்லை’ என்று எம்.சி. எழுதினால்தான் கிடைக்கும். கண் படம் எடுக்கப் போகிறவர் நோயாளியாகப் போகவில்லை. நோய் வராமல் தடுக்கப் போகிறார். அவருக்குக் கிளினிக்கில் கொடுப்பது ‘டைம் சிலிப்’ என்ற ஒரு துண்டுச் சீட்டு. இன்ன மணி முதல் இன்ன மணி வரை இங்கே இருந்தார் என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வருவது பெரிதல்ல. பால்வெட்டுக்காரருக்குக் காலை இரண்டு மணி நேரம் போனால் அன்றைய வெட்டே போயிற்று. வெயில் ஏறினால் பால் இறங்காது என்பது மரத்துக்குத் தெரியும், சட்டம் எழுதியவருக்குத் தெரியவில்லை.

கண் குருடாகிப் படுத்தால் விடுமுறை உண்டு. குருடாகாமல் பார்த்துக்கொள்ளப் போனால் கூலி வெட்டு. இந்த முரண்பாட்டை வைத்துக்கொண்டு எத்தனை லட்சம் படம் பார்த்த இயந்திரத்தை இறக்கினாலும், அது வெறும் காமிராவாகக் கிளினிக் மூலையில் நிற்கும்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 2003 முதல் நாடு முழுவதும் இனிப்பு நீர்க்காரர்களின் பெயர்ப் பட்டியல் வைத்து, கடிதம் போட்டுக் கூப்பிட்டு, இலவசமாகக் கண் படம் எடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். வேலை செய்யும் வயதினரைக் குருடாக்கும் காரணங்களில் ஐம்பது வருஷமாக முதலிடத்தில் இருந்த இந்த வியாதி, 2009–2010 கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலிடத்திலிருந்து இறங்கிவிட்டது. படங்களைப் பார்த்தவர்கள் மனிதர்கள். தானாகப் படிக்கும் இன்றைய இயந்திரங்கள் அப்போது பிறக்கவே இல்லை. பட்டியலும், வருஷந்தவறாத அழைப்பும், காசு கேட்காத கதவும் அந்த வேலையைச் செய்தன. இயந்திரம் தவறவிடுகிற பத்தில் ஒருவரைக்கூட, அடுத்த வருஷ அழைப்பு பிடித்துவிடும். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று இயந்திரம் சொன்னவரும் மறுவருஷம் போகத்தான் வேண்டும்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன சிங்கப்பூர்க் கணக்கு. மனிதர் மட்டும் பார்ப்பது, இயந்திரம் மட்டும் பார்ப்பது, இயந்திரம் முதலில் பார்த்து அது சந்தேகப்பட்டதை மட்டும் மனிதர் மறுபடி பார்ப்பது என்று மூன்று வழிகளையும் செலவில் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு, மனிதர் மட்டும் பார்த்தால் 77 அமெரிக்க டாலர். இயந்திரம் மட்டும் என்றால் 66. இரண்டும் சேர்ந்தால் 62. மனிதரை முற்றிலும் நீக்குவது மலிவு என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். வீணாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படும் கூட்டத்தை அந்த இரண்டாவது மனிதக் கண் வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் செலவு குறைகிறது. சிப்பந்திக்கு வேலையும் நிற்கிறது. பால்வெட்டுக்காரருக்குக் கூலியும் மிஞ்சுகிறது.

நிர்வாகத் தரப்பில் ஒரு பதில் வரும், வழக்கமாக வருவதுதான். ‘தொழிலாளி சீனியைக் குறைக்கட்டும், வியாதியே வராது’ என்பார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் கெடுவது கணிசமாகக் குறையும் என்று பிரிட்டனில் நடந்து 1998இல் முடிவு வெளியான பெரிய ஆராய்ச்சி காட்டியது உண்மை. டின் பாலைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் குடிக்கிற நம் தேநீரை நான் ஆதரித்துப் பேசப் போவதில்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வேர்க் கஷாயத்துக்குத் தாவுகிற வழக்கத்தையும் விட வேண்டும். ஆனால் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கும் வருஷங்கள் கடந்தால் கண் கெடலாம். அன்றியும், உபதேசம் இலவசம், பரிசோதனைக்குக் கூலி வெட்டு என்றால், உபதேசத்தை யார் காது கொடுத்துக் கேட்பார்?

இன்னொரு பயத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். படத்தின் முடிவு யார் கையில் இருக்கும்? மருத்துவச் சோதனையில் தேறாத வெளிநாட்டுத் தொழிலாளரைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கண் படத்தின் முடிவு மானேஜர் மேஜைக்குப் போனால், அது சிகிச்சைச் சீட்டாக இருக்காது. வேலை நீக்கச் சீட்டாகிவிடும். அப்படி ஒரு சம்பவம் ஒரு தோட்டத்தில் நடந்தால் போதும், சுற்றியுள்ள பத்துத் தோட்டங்களில் ஒருவரும் காமிரா முன் உட்கார மாட்டார்கள். முடிவு தொழிலாளிக்கும் அவருடைய டாக்டருக்கும் மட்டுமே உரியது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கண் பழுதானவருக்குச் சிகிச்சைக் காலத்தில் பகல் வெளிச்சத்தில் செய்யக்கூடிய மாற்று வேலை, சம்பளம் குறையாமல் தர வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. பக்கத்து லயத்தில் இருக்கிற இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதே நிபந்தனைகள் பொருந்த வேண்டும். அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் வாங்குகிற உரிமை நெடுநாள் நிற்காது.

தோட்ட முதலாளிமார் சங்கமான மாப்பாவுடன் அடுத்த கூட்டு ஒப்பந்தம் பேசும்போது இதற்கென ஒரு ஷரத்து வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வருஷத்துக்கு ஒருநாள் கண் பரிசோதனைக்குக் கூலியோடு விடுமுறை. ‘மறுபடி வா’ என்று ஆஸ்பத்திரி கூப்பிடும் ஒவ்வொரு நாளுக்கும், முடிவு எதுவாக இருந்தாலும், டைம் சிலிப்பைக் காட்டினால் முழுப்பேர். பட்டணத்துக்குத் தோட்டத்து வண்டி. சர்க்காரிடம் கேட்க வேண்டியது வேறு: காமிராவை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டு வரச் சொல்ல வேண்டும், மழை பெய்து வெட்டு நிற்கிற நாளிலோ, பால் நிறுத்த பிறகு மதியத்திலோ ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறையை இருட்டாக்கினால் படம் எடுத்துவிடலாம். வயதானவர்களில் பலருக்குக் கண்ணில் புரை இருக்கும். புரை இருந்தால் படம் தெளியாது, இயந்திரம் தள்ளிவிடும். அவர்களைத் தள்ளிய இடத்திலேயே விடாமல் புரை அறுவைக்கும் சேர்த்து அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் பால் குறைந்து வேலை மந்தமாகிற வாரங்கள் இதற்கு ஏற்றவை. நிர்வாகத்துக்கும் நஷ்டம் அதிகமில்லை.

இந்தக் கோரிக்கைக்குக் கையில் கணக்கு வேண்டும். அதைத் தயாரிப்பதில் கிராணித் தோழர்கள் உதவலாம். இம்மாதக் கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, இனிப்பு நீருக்கு மருந்து வாங்குகிற ஒவ்வொருவரும் கிளினிக் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். கடைசியாகக் கண் படம் எடுத்த தேதியைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால், வெறுமை என்றே எழுதிக்கொள்ள வேண்டும். போன வருஷம் கிளினிக்குக்குப் போனதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று என்பதையும் அதன் பக்கத்தில் குறிக்க வேண்டும். பேச்சுவார்த்தை மேஜையில் முதலில் வைக்க வேண்டியது அந்தப் பட்டியல்.